‘தானாகச் சரியாகிவிடும்’: கலப்புக் குடும்பப் பிள்ளைகள் குறித்து ஒரு மறுப்பு

“கலப்புக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கென்று தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. வளர வளரத் தானாகச் சரியாகிவிடும்.” கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதிலும் நம்மவரிடையே இந்தக் கருத்து வேரூன்றிவிட்டது. பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கேட்கிறேன், கோயில் நிர்வாகத்தில் கேட்கிறேன், பிள்ளைகளோடு வேலை செய்பவர்கள் வாயிலிருந்தும் கேட்கிறேன். தமிழ் அப்பா, சீன அம்மா. பஞ்சாபித் தாத்தா, தமிழ்ப் பாட்டி. கிள்ளான் துறைமுகத்தில் லாரி ஓட்டும் தமிழர், மேடானிலிருந்து வந்த மனைவி. இப்படிப்பட்ட வீடுகளின் பிள்ளைகளை வாரம் ஒருமுறை சிறு குழுவாக உட்கார வைத்து, பயிற்சி பெற்ற ஒருவரின் துணையோடு வரையவும் களிமண் பிசையவும் விடும் குழுக் கலைச் சிகிச்சையைப் பற்றிப் பேச்செடுத்தால், முதலில் வரும் பதில் இதுதான். இந்தப் பதில் தவறு. தவறு மட்டுமல்ல, அதற்கான விலையை அப்படிச் சொல்கிறவர்கள் கொடுப்பதில்லை, பிள்ளைகள் கொடுக்கிறார்கள்.

எதிர்த்தரப்பின் வாதத்தை முதலில் அதன் முழு வலுவோடு வைக்கிறேன். மலேசியாவில் கலப்பு புதிதல்ல. மலாக்கா செட்டிகள் பல நூற்றாண்டுகளாக இருக்கிறார்கள். தோட்டப்புறத்துத் தமிழ்க் குடும்பங்கள் சீனப் பெண்குழந்தைகளை எடுத்து வளர்த்தன. அவர்களுக்கு எந்தச் சிகிச்சையும் தேவைப்படவில்லை. படம் வரைவது விளையாட்டு, அதற்கு ஓவிய ஆசிரியர் போதும். உண்மையிலேயே மனம் நொந்த பிள்ளை என்றால் பள்ளி ஆலோசகரிடம் தனியாகப் பேசட்டும். நாலு பிள்ளைகள் நடுவில் குடும்பச் சேதியை அவிழ்ப்பது நல்லதல்ல. கலப்புப் பிள்ளைகளை ஒன்றாகக் கூட்டுவது, ‘நீங்கள் வேறு’ என்று நாமே முத்திரை குத்துவதாகும். இதற்கு ஆதாரமும் பெரிதாக இல்லை. பிறப்புப் பத்திரச் சிக்கலில் தவிக்கும் பிள்ளைக்கு வேண்டியது ஐ.சி. எனும் அடையாள அட்டை, வண்ணப் பென்சில் அல்ல. இவற்றைச் சொல்கிறவர்கள் பிள்ளைகள்மீது அக்கறை இல்லாதவர்கள் அல்லர். பலர் சொந்தப் பேரப்பிள்ளைகளை மனதில் வைத்தே சொல்கிறார்கள். ஆனாலும் இந்த வாதங்கள் ஒவ்வொன்றும் தடுமாறுகின்றன.

1. சீனப் பெண்குழந்தைகளை எடுத்து வளர்த்தோம் என்பது எதை நிரூபிக்கிறது?

நம் சமூகத்தின் பெருமைகளில் அது ஒன்று, சந்தேகமில்லை. வறுமையாலும், பெண் என்பதாலும், ஜாதகம் சரியில்லை என்ற நம்பிக்கையாலும் கொடுக்கப்பட்ட குழந்தைகளை நம் பெண்கள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்கள். அந்தக் குழந்தைகள் பொட்டு வைத்து, பூ முடித்து, தமிழ் பேசி வளர்ந்தார்கள். இன்றும் கிள்ளான் தெங்கு கெலானா சாலையில் சீன முகத்தோடும் சுத்தமான தமிழோடும் புடவை விலை பேசும் பாட்டிகளைப் பார்க்கலாம்.

ஆனால் அவர்கள் வளர்ந்தது ஒரே பண்பாட்டு வீட்டில். ஒரே மொழி, ஒரே சாமிமேடை, ஒரே பக்கத்து உறவு. பெற்ற வீடு பெரும்பாலும் அவர்கள் வாழ்க்கையிலிருந்து நீங்கியிருந்தது. இன்றைய கலப்புத் திருமணத்துப் பிள்ளைக்கு அப்படி அல்ல. இரண்டு பாட்டிகளும் உயிரோடு இருக்கிறார்கள். தீபாவளிக்கு அப்பா வீடு, சீனப் பெருநாளுக்கு அம்மா வீடு. ஒரு வீட்டில் மாட்டிறைச்சி கூடாது, இன்னொரு வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பன்றியிறைச்சி இருக்கிறது. ஒரு பக்கம் ‘சீனத்தி மகள்’, மறுபக்கம் ‘அந்தக் கறுப்பன் பிள்ளை’. இந்த இரண்டு சொற்களையும் விளையாட்டாகச் சொல்கிறவர்கள் உறவினர்களேதான். தத்தெடுத்த பிள்ளையின் நிலையும் இந்தப் பிள்ளையின் நிலையும் ஒப்பிடக்கூடியவை அல்ல.

அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. அந்தச் சீன மகள்களுக்கு ஒன்றும் தேவைப்படவில்லை என்று நமக்கு எப்படித் தெரியும்? யார் அவர்களிடம் கேட்டார்கள்? ‘என்னை ஏன் கொடுத்தார்கள்’ என்பதை ஒரு பெண் அறுபது வருடம் மனதிலேயே வைத்திருந்தால், நம் கணக்கில் அவள் ‘நன்றாக வளர்ந்தவள்’. வாய் திறக்காதவர்களின் மௌனத்தை நலத்தின் சான்றாக எடுத்துக்கொள்ளும் வாதம் எந்த வழக்கிலும் நிற்காது.

2. பலரும் கலந்து வாழும் நாட்டில் கலப்பாகப் பிறப்பது எளிதா?

இன நல்லிணக்கத்தைக் குறிக்கும் முகிபா என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பக்கத்து வீட்டோடு பலகாரம் மாற்றிக்கொள்கிறோம். ஆனால் அரசுப் பாரம் எதை எடுத்தாலும் மெலாயு, சீனா, இந்தியா, லாயின்-லாயின் என்று கட்டங்கள் நிற்கின்றன. பிறப்புப் பதிவில் பிள்ளையின் இனம் பெரும்பாலும் தந்தையின் இனமாகவே எழுதப்படுகிறது. தாய் யாராக இருந்தாலும் பதிவேட்டில் அவள் பக்கம் மறைந்துவிடுகிறது. பள்ளியும் மூன்று வகை. எந்தப் பள்ளியில் சேர்த்தாலும் மற்ற இரண்டு வகையையும் விட்டாயிற்று என்று பொருள். ஏழு வயதுப் பிள்ளைக்கு இது முதல் தேர்வு. அதை அந்தப் பிள்ளை எழுதுவதில்லை, அதன் பெயரில் வேறு யாரோ எழுதுகிறார்கள்.

சமூக உளவியலர் கோர்டன் ஆல்போர்ட் 1954இல் எழுதியதை இங்கே நினைவூட்ட வேண்டும். வெவ்வேறு இனத்தவர் அருகருகே இருந்தால் மட்டும் தப்பெண்ணம் குறையாது. சம நிலை வேண்டும், பொதுவான இலக்கு வேண்டும், கூடிச் செய்யும் வேலை வேண்டும், மேலிருப்பவர்களின் ஆதரவும் வேண்டும். அருகருகே வாழ்வதைப் பொறுத்தவரை மலேசியர்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. மற்ற நான்கும்தான் அரிது. அந்த நான்கும் இல்லாத இடத்தில் இரண்டு இனத்துக்கும் பிறந்த பிள்ளை, இரண்டு பக்கத்துத் தப்பெண்ணத்தையும் வீட்டுக்குள்ளேயே கேட்டு வளர்கிறது.

சமயம் குறுக்கிடும்போது இது இன்னும் கூர்மையாகிறது. இந்திராகாந்தி வழக்கை அறியாத மலேசியத் தமிழர் இல்லை. 2009இல் இந்திராகாந்தியின் கணவர் மதம் மாறி, மூன்று பிள்ளைகளையும் தாய்க்குத் தெரியாமல் மதம் மாற்றினார். ஒருதலைப்பட்சமான அந்த மாற்றம் செல்லாது என்று 2018 ஜனவரி 29 அன்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த ஒன்பது ஆண்டுகளும் நம் வீடுகளில் சட்டத்தைப் பேசினோம், சமயத்தைப் பேசினோம், அரசியலைப் பேசினோம். பெற்றோர் இருவரும் இரு சமயமாகப் பிரிந்து நிற்கும் வீடுகளில் பிள்ளைகளுக்கு யார் துணை என்ற பேச்சு மட்டும் எழவில்லை.

2022ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார, நோய்ப் பாங்கு ஆய்வு, இடைநிலைப் பள்ளி மாணவரில் நான்கில் ஒருவருக்கு மேல், அதாவது 26.9 விழுக்காட்டினருக்கு, மனச்சோர்வு அறிகுறிகள் இருப்பதாகச் சொன்னது. இந்தியத் தகப்பனுக்கும் சீனத் தாய்க்கும் பிறந்த பிள்ளை இத்தகைய கணக்கெடுப்பில் ‘இந்தியர்’ என்ற கட்டத்துக்குள் போய்விடுகிறது. தனியாக எண்ணப்படாத பிள்ளைகளுக்குத் தனியாகச் சிக்கல் இல்லை என்று சொல்வது எளிது.

3. வரைவது விளையாட்டு என்றால், விளையாட்டு எப்போது வீண் ஆனது?

இந்த வாதம்தான் எல்லாவற்றிலும் அதிகம் ஒலிக்கிறது, அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

கலைச் சிகிச்சை என்ற பெயரை 1942இல் வழக்குக்குக் கொண்டுவந்தவர் பிரிட்டிஷ் ஓவியர் ஏட்ரியன் ஹில். காசநோய் விடுதியில் படுத்திருந்தபோது வரைந்ததன் பயனை உணர்ந்து மற்ற நோயாளிகளுக்கும் எடுத்துச் சென்றார். அதே ஆண்டுதான் பௌஹவுஸ் பள்ளியில் பயின்ற ஓவியை ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ், நாஜிகள் நடத்திய டெரெசின் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அங்கே பசித்த பிள்ளைகளுக்கு ஓவியம் கற்பித்தார். 1944 அக்டோபரில் அவர் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டார். பிள்ளைகள் வரைந்த ஏறத்தாழ 4,500 படங்கள் எஞ்சின. பிள்ளைகளில் பெரும்பாலோர் எஞ்சவில்லை. அவரிடம் முன்பு பிராகாவில் கற்ற ஈடித் கிராமர் நியூயார்க்குக்குத் தப்பிப்போய், கலங்கிய சிறுவர்களோடு பல ஆண்டு வேலை செய்து, 1958இல் சிறுவர் கலைச் சிகிச்சை பற்றிய அடிப்படை நூலை எழுதினார். பிரிட்டனில் ‘கலைச் சிகிச்சையாளர்’ என்ற பட்டத்தைப் பதிவில்லாதவர் பயன்படுத்தக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. பொழுதுபோக்குக்கு யாரும் சட்டக் காவல் போடுவதில்லை.

சரி, அறைக்குள் என்னதான் நடக்கிறது? நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த வரைதல் பெரும்பாலும் வர்ணம் தீட்டும் போட்டி. அச்சடித்த கோடு, கோட்டுக்கு வெளியே போகக்கூடாது, முதல் பரிசு, இரண்டாம் பரிசு, ஆறுதல் பரிசு. கலைச் சிகிச்சை அறையில் இவற்றில் எதுவும் இல்லை. ஆறு பிள்ளைகள், மிஞ்சினால் எட்டு. அதே அறை, அதே கிழமை, அதே நேரம். குழு தொடங்கியபின் புதிதாக யாரையும் நடுவில் சேர்ப்பதில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் எழுதிய கோப்பு ஒன்று உண்டு, வரைந்தது அதற்குள் போகும், கேட்காமல் யாரும் திறக்கமாட்டார்கள். அழகு, அழகில்லை என்ற பேச்சு கிடையாது. கிழிக்கலாம், கறுப்பை மட்டும் பூசலாம், ஒன்றும் செய்யாமல் களிமண்ணை உருட்டிக்கொண்டிருக்கலாம். சில வாரம் கழித்துப் பெரிய தாள் ஒன்று மேசை முழுக்க விரிக்கப்படும், எல்லோரும் ஒரே தாளில் வரைவார்கள். அங்கே ஒரே விதி, அடுத்தவர் வரைந்ததன்மேல் கைவைக்கும் முன் கேட்க வேண்டும். கடைசிக் கால் மணி நேரம் பார்த்துப் பேசுவது. பேச விரும்பாத பிள்ளை பேச வேண்டாம்.

இதில் சிகிச்சை எங்கே என்று கேட்பவர்கள், ‘என் குடும்பம்’ என்ற சாதாரணத் தலைப்பை எண்ணிப் பார்க்கட்டும். கிள்ளானில் ஒரு சிறுமி என்று வைத்துக்கொள்வோம். அப்பாவுக்குப் பழுப்பு எடுக்கிறாள். அம்மாவுக்கு இளமஞ்சள். தனக்கு வரும்போது கை நின்றுவிடுகிறது. பெட்டியில் ‘தோல் நிறம்’ என்று எல்லோரும் சொல்லும் பென்சில் ஒன்று உண்டு, அது அவள் நிறமல்ல. வகுப்பு ஆசிரியை நாற்பது பிள்ளைகள் நடுவில் இதைக் கவனிக்க முடியாது, ‘சீக்கிரம் முடி’ என்பார். குழுவில் அந்த நிறுத்தத்தையே சிகிச்சையாளர் கவனிக்கிறார். அவசரப்படுத்துவதில்லை, பதிலும் சொல்லித் தருவதில்லை. எதிரே இருக்கும் பையன் இரண்டு பென்சிலையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தேய்த்துப் பார்க்கிறான். அவள் பார்க்கிறாள். அவளும் தேய்க்கிறாள். யாரும் அவளைக் கேள்வி கேட்கவில்லை. ஆனால் தன் கையாலேயே, தனக்கான ஒரு நிறத்தை, இன்னொரு பிள்ளையின் முன்னால் செய்து பார்த்துவிட்டாள். இதை அறிவுரையால் கொடுக்க முடியாது.

எதிர்த்தரப்பு இங்கே ஒரு நியாயமான அச்சத்தை எழுப்பலாம். ‘கறுப்பு பூசினால் மனச்சோர்வு, கையில்லாமல் வரைந்தால் கொடுமை’ என்று ஜோசியம்போல் சொல்கிறவர்கள் உண்டே? உண்டு, அவர்கள் செய்வது தவறு. வீடு, மரம், மனிதன் என்று வரையவைத்து ஆளுமையைக் கணிக்கும் சோதனைகளின் அறிவியல் மதிப்பு மிகக் குறைவு என்று ஸ்காட் லிலியன்ஃபெல்டும் அவர் தோழர்களும் 2000இலேயே விரிவாகக் காட்டிவிட்டார்கள். நல்ல கலைச் சிகிச்சை படத்தை வைத்துப் பிள்ளையைக் கணிப்பதில்லை. படத்தைப் பற்றிப் பிள்ளை என்ன சொல்கிறது, சொல்லாமல் விடுகிறது என்பதற்குக் காத்திருக்கிறது. போலிக் கணிப்பாளரைக் காட்டித் துறையையே மறுப்பது நேர்மையான வாதமாகாது.

4. தனியாகப் பேசட்டும் என்கிறீர்கள். எந்த மொழியில்?

பள்ளி ஆலோசகர்களைக் குறை சொல்லவில்லை. இடைநிலைப் பள்ளியில் ஐந்நூறு மாணவருக்கு ஓர் ஆலோசகர் என்ற விகிதத்தில் நெடுங்காலம் வேலை வாங்கப்பட்டவர்கள் அவர்கள். என் மறுப்பு வேறு. மூன்று மொழி புழங்கும் வீட்டுப் பிள்ளைக்கு ஒவ்வொரு மொழியும் ஒரு பக்கத்துக்குச் சொந்தம். அம்மாவைப் பற்றிய வருத்தத்தைத் தமிழில் சொன்னால் அப்பா வீட்டாரோடு சேர்ந்துகொண்டதுபோல் ஆகிறது. அப்பாவைப் பற்றி மாண்டரினில் சொன்னால் அது காட்டிக்கொடுப்பு. மலாயில் சொன்னால் வகுப்பறை வாசகமாகிவிடுகிறது. ‘என்ன பிரச்சினை, சொல்லு’ என்று எதிரே உட்கார்ந்து கேட்கும் பெரியவருக்கு இப்படிப்பட்ட பிள்ளை சொல்லும் பதில் ஒன்றுதான்: ‘ஒன்றும் இல்லை.’ அதை நம்பி அனுப்பிவிடுகிறோம். வரையும் தாளில் எந்தப் பக்கத்துக்கும் துரோகம் செய்யாமல் இரண்டையும் வைக்கலாம்.

குழு எதற்கு என்பதற்கும் விடை உண்டு. குழுச் சிகிச்சை பற்றி எழுதியவர்களில் முதன்மையானவரான இர்வின் யாலோம், குழுவால் கிடைக்கும் பயன்களில் ஒன்றாக, ‘எனக்கு மட்டும் இல்லை’ என்ற அறிதலைக் குறிப்பிடுகிறார். எத்தனை அன்பான ஆலோசகராலும் இதைத் தனியாகக் கொடுக்க முடியாது, ஏனென்றால் அவர் இன்னொரு பிள்ளை அல்ல. யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம் போர்க்காலத்தில் இதையே வேறு பக்கத்திலிருந்து வலியுறுத்தினார்: துன்பம் குடும்பத்தோடும் சமூகத்தோடும் சேர்ந்து வரும்போது, ஆளைத் தனியே பிரித்து மருந்தும் பேச்சும் கொடுப்பது போதாது.

குடும்பச் சேதி வெளியே போகுமே என்ற பயத்துக்கு என் பதில் சுருக்கமானது. அது ஏற்கெனவே வெளியேதான் இருக்கிறது. உறவினர் பேசுகிறார்கள், பள்ளிப் பேருந்தில் பேசுகிறார்கள். பிள்ளைக்கு மட்டும்தான் பேச இடமில்லை.

5. ஒன்றாகக் கூட்டுவது முத்திரை குத்துவதா?

எதிர்த்தரப்பின் வாதங்களில் நான் மிகவும் மதிப்பது இதுதான். இது பாதி உண்மை. தென்கொரியாவைப் பாருங்கள். தன்னை ஓரினம் என்று நம்பிய அந்த நாடு, வியட்நாமிலிருந்தும் சீனாவிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் மணப்பெண்கள் வரத் தொடங்கியபின், 2008இல் பன்முகப் பண்பாட்டுக் குடும்ப ஆதரவுச் சட்டம் இயற்றியது. ஊர்தோறும் ஆதரவு மையங்கள் வந்தன. அந்தக் குடும்பப் பிள்ளைகளுக்கான குழுக் கலைச் சிகிச்சை அங்கே பல்கலைக்கழக ஆய்வுகளில் அடிக்கடி வரும் பொருளாகிவிட்டது. ஆனால் ‘பன்முகப் பண்பாட்டுப் பிள்ளை’ என்ற சொல்லே பள்ளிக்கூடங்களில் இழிவாகத் திரும்பியது என்று கொரியர்களே வருந்துகிறார்கள். பெயர்ப்பலகை மாட்டி நடத்தினால் இதுதான் நடக்கும்.

எனவே, பலகை வேண்டாம். முடிவு அங்கே நிற்க வேண்டும். ‘ஆகவே குழுவும் வேண்டாம்’ என்ற முடிவு அதிலிருந்து வரவில்லை.

பலகை இல்லாமலே குழு நடத்தலாம் என்பதற்கு இலங்கையின் மட்டக்களப்பில் நடந்ததைச் சொல்கிறேன். 1990 ஆகஸ்ட்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதம் சத்துருக்கொண்டானில் தமிழர்கள், பிள்ளைகள் உட்பட, கொன்று எரிக்கப்பட்டார்கள். ஒரே மொழி பேசும் இரண்டு சமூகங்களின் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்க்காமலே வளர்ந்தார்கள். 1996இல் கனடிய ஓவியர் பால் ஹோகனும் இயேசு சபைத் துறவி பால் சற்குணநாயகமும் அங்கே வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினார்கள். தமிழ், முஸ்லிம் கிராமங்களிலிருந்து பிள்ளைகள் சேர்ந்து வந்தார்கள். வரைந்தார்கள், மண்ணில் உருவம் செய்தார்கள், கதை கட்டினார்கள், நாடகம் போட்டார்கள், செடி நட்டார்கள். பயிற்றுவித்தவர்கள் உள்ளூர் இளைஞர்கள். ‘இனப்பகையால் பாதிக்கப்பட்ட பிள்ளைகள்’ என்று வாசலில் எழுதவில்லை, பூங்கா என்று எழுதினார்கள். ஒருநாள் விழாவாகவும் நடத்தவில்லை, மாதக்கணக்கில் அதே பிள்ளைகள் திரும்பத் திரும்ப வந்தார்கள். போர் நடந்துகொண்டிருந்த ஊரில் இது முடிந்தது. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் முடியாது என்று சொல்ல ஒரு காரணம் காட்டுங்கள்.

ஆகவே நான் முன்வைக்கும் குழு, கலப்புப் பிள்ளைகளை மட்டும் வடிகட்டிச் சேர்க்காது. எட்டுப் பேரில் நால்வர் கலப்பு வீட்டினராக இருக்கட்டும், மற்றவர்களில் ஒருவர் அகதிக் குடும்பத்துப் பிள்ளை, ஒருவர் பாட்டி வளர்க்கும் பிள்ளை, ஒருவர் எந்தச் சிக்கலும் இல்லாத, வரையப் பிடித்த பிள்ளை. ஒரே வீட்டில் இரண்டு பண்பாடு என்பது அங்கே பல நிலைகளில் ஒன்று, அவ்வளவுதான்.

6. ஆதாரம் எங்கே என்ற கேள்வி

கேட்க வேண்டிய கேள்வி. பதிலும் மழுப்பாமல் இருக்க வேண்டும். பிரிட்டனில் மனச்சிதைவு நோயாளிகள் 417 பேரிடம் நடத்தி 2012இல் வெளியான மாட்டிஸ் ஆய்வில், குழுக் கலைச் சிகிச்சை வழக்கமான சிகிச்சையைவிடக் கூடுதல் பயன் தரவில்லை. இத்துறையை ஆதரிப்பவர்கள் இதை மறைக்கக் கூடாது. அதேசமயம் அந்த ஆய்வில் இருந்தவர்கள் கடும் மனநோயுள்ள வளர்ந்தவர்கள். பலர் அமர்வுகளுக்கே ஒழுங்காக வரவில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு அதைப் பொருத்துவது அளவுக்கு மீறிய முடிவு. பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன, ஆனால் பெரும்பாலும் சிறியவை. எனவே, கலைச் சிகிச்சை நோய் தீர்க்கும் என்று நான் சொல்லவில்லை. தற்கொலை எண்ணம் உள்ள பிள்ளையை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். கிள்ளானில் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை இருக்கிறது. நான் கோருவது நோய் வரும்முன் ஓரிடம்.

ஆதாரம் என்ற அளவுகோலைக் கையில் எடுப்பவர்கள் அதை எல்லாவற்றின்மீதும் வைக்கட்டும். ‘தானாகச் சரியாகிவிடும்’ என்பதற்கு எந்த ஆய்வு இருக்கிறது? பள்ளிதோறும் காசு கொடுத்து அழைக்கும் தன்முனைப்புச் சொற்பொழிவுகளுக்கு எந்த ஆய்வு இருக்கிறது? முந்நூறு பிள்ளைகளை மண்டபத்தில் உட்கார வைத்து அம்மாவை நினைத்து அழவைக்கும் நிகழ்ச்சிகளை யாரும் இப்படிக் கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை.

7. ஐ.சி. இல்லாத பிள்ளைக்கு வண்ணப் பென்சில் எதற்கு?

மலேசியத் தந்தைக்கும் வெளிநாட்டுத் தாய்க்கும் பதிவுத் திருமணம் இல்லாமல் பிறந்த பிள்ளை, அரசமைப்பின் இரண்டாம் அட்டவணைப்படி தந்தையின் குடியுரிமையைப் பெறுவதில்லை, தாயைத்தான் பின்தொடர்கிறது. வேலை பெர்மிட்டில் வந்தவர்கள் இங்கே திருமணம் செய்ய அனுமதியில்லை என்பதால் இப்படிப் பிறக்கும் பிள்ளைகள் நம் தாமான்களிலேயே இருக்கிறார்கள். 15ஏ பிரிவின்கீழ் மனு போட்டுவிட்டுப் புத்ராஜெயாவின் கடிதத்துக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். படம் வரைந்தால் குடியுரிமை வராது. குடியுரிமைப் போராட்டத்துக்குப் பதிலாகக் கலையை நீட்டுபவர் யாராக இருந்தாலும் நானும் எதிர்ப்பேன்.

ஆனால் அந்த ஆண்டுகளில் பிள்ளை எட்டு வயதிலிருந்து பதினாறு ஆகிவிடுகிறது. அந்தப் பிள்ளைப் பருவம் கடிதம் வந்தபின் திரும்பி வராது. ‘முதலில் பத்திரம், பிறகு மனம்’ என்று வரிசை போடுகிறவர்கள் தங்கள் சொந்தப் பிள்ளையின் மனத்தை அப்படிக் காக்க வைப்பார்களா?

இனி நடைமுறை. இடமில்லை என்று சொல்ல முடியாது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு சில தெருக்களுக்குள்ளேயே நுண்கலைக் கோயில், பௌத்த மகா விகாரை, ஒய்.எம்.சி.ஏ., பார்வையற்றோர் சங்கம், தேவாலயங்கள், கோயில்கள் எல்லாம் இருக்கின்றன. கிள்ளானிலிருந்து கொமூட்டர் ஏறினால் கே.எல். சென்ட்ரலில் இறங்கி நடந்தே வரலாம். எந்த இனத்துப் பாட்டியும் ‘இது நம் இடமல்ல’ என்று தயங்காத அறையாகப் பார்த்துத் தேர்ந்தால் போதும். ஆள் இல்லை என்பதில் ஓரளவு உண்மை உண்டு. சிங்கப்பூரின் லாசால் கலைக் கல்லூரி 2006 முதல் கலைச் சிகிச்சையில் முதுகலைப் படிப்பு நடத்துகிறது. நம்மிடம் பயிற்சி பெற்றவர்கள் குறைவு. அதோடு, 1998ஆம் ஆண்டுச் சட்டம் ஆலோசகர்களைப் பதிவு செய்ய வைக்கிறது, ஆனால் 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழிலர் சட்டத்தின் பட்டியலில் கலைச் சிகிச்சையாளர் இல்லை. அதனால் வார இறுதிப் பயிலரங்கு ஒன்றில் சான்றிதழ் வாங்கிய யாரும் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். இது அரசு சரிசெய்ய வேண்டிய குறை.

அதுவரை பெற்றோர்தான் விழிப்பாக இருக்க வேண்டும். பிள்ளையை அனுப்புமுன் நடத்துபவரிடம் கேளுங்கள். எங்கே, எத்தனை ஆண்டு படித்தீர்கள்? பதிவு பெற்ற ஆலோசகரோ மருத்துவ உளவியலரோ உங்கள் வேலையை மேற்பார்வை செய்கிறாரா? எத்தனை வாரம், எத்தனை பிள்ளைகள், நடுவில் ஆள் சேர்ப்பீர்களா? வரைந்த படங்கள் யாரிடம் இருக்கும்? ஒரு படத்திலிருந்தோ பேச்சிலிருந்தோ பிள்ளைக்கு வீட்டில் கொடுமை நடக்கிறது என்று தெரிந்தால் என்ன செய்வீர்கள், 15999 உதவி எண்ணை அழைப்பீர்களா, அல்லது ‘குடும்ப விஷயம்’ என்று விட்டுவிடுவீர்களா? தயங்காமல் பதில் சொல்கிறவரிடம் பிள்ளையை விட்டுவிட்டு வெளியே காத்திருங்கள். திரும்பும்போது ‘என்ன வரைந்தாய், காட்டு’ என்று கேட்காதீர்கள். கடைசி நாள் எல்லாப் படங்களையும் மண்டபத்தில் மாட்டி, வருகைதரு பிரமுகரோடு புகைப்படம் எடுப்போம் என்று சொல்கிறவரிடம் மட்டும் அனுப்பாதீர்கள்.